இருளாண்டி வீட்டுக்குப் போய் வந்தேன்

உக்குவளை
28.11.1999, ஞாயிற்றுக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான மகன் எபனேசருக்கு அம்மா எழுதுவது. அந்தப் பனிநாட்டில் நீ காய்ச்சல் இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்கும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவர் உன் பக்கத்தில் நிற்பாராக. இங்கே அக்கா லீதியாவும் மச்சானும் சுகம். நானும் சுகம் என்று வழக்கம்போல் எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் இந்தத் தடவை அப்படி எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ அந்தப் பக்கம் அழுவாய், நான் இந்தப் பக்கம் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசிவரை வாசிப்பாய். நடுவில் நிறுத்தாதே தம்பி, கடைசிவரை வாசி.

ஆவணி மாதத்திலிருந்தே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆஸியா விதவிதமாகக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து நின்று குடிக்கவைத்துப் பார்த்தாள், இரண்டு மடக்குக்கு மேல் முடியவில்லை. லீதியா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஒன்பது நாள் வைத்திருந்து எல்லாம் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் லீதியா, வயித்துல புண்ணாம் அம்மா, உறைப்பு சேக்காம இருந்தா ஆறிடுமாம் என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அதில் துடைக்கத் தூசி ஒன்றும் இருக்கவில்லை. முப்பத்தாறு வருடம் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தவளுக்கு, கண்ணாடியில் தன் கண் மஞ்சளாக இருப்பது தெரியாதா. அடுத்த கிளினிக் நாளில் அவளை மருந்து வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு நான் தனியாக டாக்டரிடம் போனேன். சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். நானும் உங்களைப் போல நோயாளிகளைப் பார்த்தவள்தான் மகனே, ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது, வெட்டி எடுக்க முடியாது, வலிக்கு மருந்து தருவோம் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். வருகிற சித்திரைப் புத்தாண்டுவரை என்று உறுதியாகச் சொல்ல முடியாது அம்மா என்றார். அன்று ரயிலில் வரும்போது லீதியாவிடம், அலுமாரியை இனித் துடைக்க வேண்டாம் மகளே, எனக்குத் தெரியும் என்றேன். உக்குவளை வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

போதகர் ஐயா கிழமைக்கு ஒரு நாள் வந்து ஜெபம் செய்கிறார். பரலோகத்தில் நமக்கென்று இடம் ஆயத்தமாக இருக்கிறது என்ற பகுதியை வாசித்துவிட்டு, அம்மாவைப் போல அமைதியாக நோயைத் தாங்குகிறவர்களை நான் கண்டதில்லை என்று சபையில் சொன்னாராம். எபி, உனக்கு உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அமைதி இருக்கவில்லை. மண்ணுக்குள் போவதற்குப் பயமில்லை. உங்கள் அப்பாவின் குழி ஓரத்தில் நின்று நான் குரல் உடையாமல் பாடியதை நீ பார்த்திருக்கிறாய், உயிர்த்தெழுதலை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். எனக்கிருந்த பயம் வேறு. போய்ச் சேர்ந்தபிறகு எந்த முகத்தோடு நிற்பது என்பதுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை, இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

எழுபத்து நாலாம் வருடம் பெரிய வெள்ளிக்கிழமை. அப்போது நாம் கூரமலைத் தோட்டத்தில் இருந்தோம், உனக்கு எட்டு வயது. தோட்டத்துக் கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை, நீயும் அக்காவும் என் பக்கத்தில் இருந்தீர்கள். ஒரு மணி போல மேல் டிவிசனிலிருந்து சுந்தரம்மா ஓடிவந்து கோயில் வாசலில் நின்றாள். அவளுடைய அண்ணன் இருளாண்டியின் மனைவி கமலாட்சிக்குப் பிரசவ நோவு தொடங்கிவிட்டது, முதல் பிள்ளை. நான் வாசலுக்குப் போய், நோவு எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா வருது என்று கேட்டேன். முதல் பிள்ளைக்கு நேரமெடுக்கும், ஆராதனை முடிந்ததும் வருகிறேன், வெந்நீர் வையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். முதல் பிள்ளைக்கு நேரமெடுக்கும் என்பது சரிதான். ஆனால் நான் எழும்பிப் போகாததற்கு அது காரணமில்லை. ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாம் வார்த்தை முடிந்ததும் நான் தனியாக ஒரு பாட்டுப் பாட இருந்தது. மூன்று கிழமையாகப் பழகிய பாட்டு, மாத்தளையிலிருந்து பெரிய போதகரும் வந்திருந்தார். என் குரலை எல்லாரும் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் இருந்தேன்.

மூன்று மணிக்குப் புறப்பட்டு அரை மணி நேரம் மலையேறி அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனபோது கமலாட்சி வெளுத்துப்போய்க் கிடந்தாள். அது பஞ்ச காலம், பாணுக்கும் மாவுக்கும் நாம் பட்ட பாடு உனக்கும் நினைவிருக்கும், லயத்தில் கீரையை அவித்துக் குடித்துவிட்டு மலைக்குப் போனவர்கள் எத்தனை பேர். அவள் உடம்பில் இரத்தமே இல்லை. முதலே போயிருந்தால் அந்த நிறத்தைப் பார்த்தவுடனே தோட்டத்து லொறியை வரச்சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். நான் போய்க் கொஞ்ச நேரத்தில் பெண்பிள்ளை பிறந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. லொறி வருமுன் அவள் போய்விட்டாள். தோட்டத்து டாக்டர் ஐயா விசாரித்தபோது, எனக்கு மூன்று மணிக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள் என்று சொன்னேன். சுந்தரம்மாவை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அவள் குடும்பம் பாஸ்போர்ட் கிடைத்து இந்தியாவுக்குப் போய்விட்டது, விஷயமும் கப்பலேறிப் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். முன்னமே போயிருந்தாலும் கமலாட்சி பிழைத்திருக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி இருபத்தைந்து வருடம் ஓட்டினேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் சொன்னது பொய்.

ஐப்பசி முடியும்போது லீதியாவிடம், என்னை ஒருக்கா கூரமலைக்குக் கூட்டிப்போ என்றேன். அவள் முடியவே முடியாது என்றாள், மச்சான்தான், அம்மா கேட்பதைச் செய்வோம் என்றார். ஆஸியாவின் புருஷன் பாறூக் தன் வேனைக் கொண்டுவந்தார், பின் சீட்டில் மெத்தை போட்டு ஆஸியா தலையணையும் வைத்தாள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை போனோம். தேர்தல் வருகிறதல்லவா, ரத்தோட்டைக்கு முன்னால் வழிமறித்துச் சோதித்தார்கள். ஒரு ஆமிப் பையன் எல்லாருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த அம்மா எங்கே போகிறார் என்று கேட்டான். பாறூக், சுகமில்லாதவர், பழைய ஆட்களைப் பார்க்கப் போகிறார் என்றார். அவன் என் கண்ணைப் பார்த்தான், தானே போய் வழியில் கிடந்த பீப்பாயை உருட்டிவிட்டான்.

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களம்வரைதான் வேன் போயிற்று, அதற்கு மேல் மழையில் ரோட்டு இடிந்து கிடக்கிறது. நான் வருவது எப்படியோ தெரிந்து பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஃபெக்டரியில் வேலை செய்கிற மாரிமுத்து ஒரு நாற்காலியில் இரண்டு கம்பைக் கட்டி வைத்திருந்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது, வேண்டாம் அய்யா, மெதுவா நடக்கிறேன் என்றேன். அவன், தூக்க நின்ற மற்ற மூன்று பேரையும் காட்டி, நாங்க நாலு பேருமே ஒங்க கையில பொறந்தவங்க, நீங்க எங்களத் தூக்கினப்ப நாங்க வேணாம்னு சொன்னமா, ஒக்காருங்கம்மா என்றான். அப்படியே தேயிலைக்கு நடுவில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் பனி மூடியிருந்தது. வழியெல்லாம் அவரவர் பிள்ளைகளைக் காட்டி, இது நீங்க பாத்தது, இது நீங்க போனப்புறம் பொறந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே குத்தியது. இவ்வளவு அன்பும் உண்மை தெரியாததால்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இருளாண்டிக்கு இப்போது ஐம்பத்தாறு வயது, வேலையிலிருந்து நின்றுவிட்டான், கால் வீக்கம். மறுபடி கல்யாணம் கட்டவில்லை. அன்று பிறந்த பிள்ளை சந்திரகாந்தா அவனோடுதான் இருக்கிறாள், அவள் புருஷன் கொழும்பில் கடையில் வேலை, ஐந்து வயதில் ஒரு மகன். அன்று அவள் அரைநாள் கொழுந்து எடுத்துவிட்டு வந்திருந்தாள். எனக்குத் தலையணை வைத்து, முகம் துடைக்கத் துவாய் கொடுத்தாள். நான் மற்றவர்களை வெளியே போகச் சொன்னேன், லீதியாவையும்தான். சந்திரகாந்தா எழும்பியபோது, நீ இரு மகளே, இது ஒங்கம்மா சமாச்சாரம் என்றேன். பிறகு ஒன்றையும் விடாமல் சொன்னேன். சுந்தரம்மா வந்த நேரம், பாட்டு, டாக்டர் ஐயாவிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும். முடிவில், எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு இருளாண்டி, அதுக்கு முந்தி ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன் என்றேன்.

சந்திரகாந்தா எழும்பி வெளியே போய்விட்டாள். இருளாண்டி வீங்கிய காலைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, எனக்குத் தெரியும்மா என்றான். எனக்கு விளங்கவில்லை. சேதி சொல்ல அனுப்பினதே நான்தானே, சுந்தரம்மா வந்து சொன்னா, கோயில்ல பூசை நடக்குது, முடிஞ்சப்பறம் வாறாங்களாம்னு, அன்னைக்கே தெரியும் என்றான். இருபத்தைந்து வருடமாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவனைப் பார்த்து முகம் திருப்பிய நேரமெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. அஞ்சாறு வருஷம் ஒங்க பேரக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்மா, தொரைகிட்டச் சொல்லணும்னு ரெண்டு வாட்டி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன், சொன்னா செத்தவ வரவா போறான்னு திரும்பி வந்துட்டேன். அப்பறம் கோவம் கொறஞ்சிச்சு, ஆனா போகல. இந்தப் புள்ளைக்குப் பிரசவம் வந்தப்பதான் பயந்தேன், நீங்கதான் வரணும், வேற ஆளு இல்ல. அன்னைக்கு அந்த மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தீங்க. ஒரு பகல் முழுக்க இவ பக்கத்துல இருந்து நகரல, குடுத்த தேத்தண்ணி ஆறிக் கெடந்துச்சு, குடிக்கல. பேரன எங்கையில குடுத்தீங்க. அன்னைக்கே வுட்டுட்டேன்மா. நீங்க இன்னும் சொமந்துக்கிட்டு இருக்கிறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆளனுப்பிச் சொல்லியிருப்பேன் என்றான்.

தம்பி, அதைக் கேட்டுவிட்டு நான் அழுதேன், இந்த நோய் வந்த நாளிலிருந்து அப்போதுதான் அழுதேன். அவன் பெருமையாகவோ எனக்கு இரங்கியோ சொல்லவில்லை. நடந்து முடிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னான்.

திரும்பிப் புறப்படும்போது சந்திரகாந்தாவைக் காணவில்லை. அவளை நான் குற்றம் சொல்லவில்லை, அவள் எந்த ஒரு சொல்லைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராகவே போயிருந்தேன். நாற்காலியைத் தூக்கும் நேரத்தில் அவள் எங்கிருந்தோ வந்து, மாரிமுத்துவை விலகச் சொல்லிவிட்டு, முன் கம்பைத் தோளில் வைத்தாள். இறக்கம் முழுக்க என்னோடு பேசவில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை, வழுக்குகிற இடத்தில் மட்டும் மற்ற மூன்று பேரையும் நிறுத்தி மெதுவாகக் கால் வைக்கச் சொன்னாள். வேனில் என்னை ஏற்றிய பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, எங்கம்மா ஃபோட்டோ ஒண்ணுகூட இல்ல, அப்பாகிட்டக் கேட்டா நல்லா இருப்பாங்கிறதோட சரி, கடைசியா பாத்தது நீங்கதானே, அவங்க எப்படி இருந்தாங்கன்னு சொல்லிட்டுப் போங்க என்றாள்.

அந்த அறையில் அன்று நானும் கமலாட்சியும் மட்டும்தான். அதை நினைக்கவே பயந்து இவ்வளவு காலமும் மூடி வைத்திருந்தேன், திறந்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. உங்கம்மா ஒல்லி, உன்னவிட உயரம், எடது புருவத்துக்கு மேல ஒரு சின்ன தழும்பு இருந்துச்சு என்றேன். நீ பொறந்ததும் என்ன புள்ளைன்னு கேட்டா, பொம்பளப் புள்ளன்னு சொன்னேன், நல்லதுன்னு சொன்னா. ஒன்ன நெஞ்சுல வச்சேன், அவளுக்குக் கையத் தூக்க முடியல, நீ ஒதைச்ச கால மட்டும் ரெண்டு வெரலால புடிச்சுக்கிட்டா, கடைசி வரைக்கும் வுடல, நான்தான் எடுத்து வுட்டேன் என்றேன். சந்திரகாந்தா, எந்தக் கால் என்று கேட்டாள். வலது கால் என்றேன். அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள், சேறு ஒட்டிய கால். பிறகு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, காய்ச்சல் இருக்கு, கண்ணாடிய மூடிக்கிட்டுப் போங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து நான் நன்றாகத் தூங்குகிறேன். இருளாண்டி கோபத்தை விட்டு ஐந்து வருடமாகியிருக்கிறது, கேட்கப் போகாததால் எனக்குத்தான் தெரியவில்லை. ஆண்டவரும் அப்படித்தானே, நான் பிறப்பதற்கு முன்னமே அவர் சிலுவையில் தந்து முடித்துவிட்ட மன்னிப்பை ஊருக்கெல்லாம் ஜெபக்கூட்டத்தில் சொன்னேன், எனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொண்டேன். கமலாட்சியை அங்கே காண்பேனா என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன், அவர் யோசித்து, அது ஆண்டவருடைய காரியம் அம்மா, அவர் நம்மைவிட இரக்கமுள்ளவர் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பயமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். வலி கூடும்போது பயம் வரத்தான் செய்கிறது, வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது. ஆனால் எங்கே போகிறேன் என்று தெரிந்த வழியில்தான் போகிறேன். இன்று ஆண்டவரின் வருகைக்குக் காத்திருக்கத் தொடங்கும் ஆகமன ஞாயிறு, மச்சானும் பாறூக்கும் என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பின் வரிசையில் உட்கார வைத்தார்கள், எதிர்பார்ப்பைப் பற்றிப் பிரசங்கம், என்னைப் போல அதை நேராகக் கேட்டவர் இன்று அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இனி உன் காரியம். இதை வாசித்தவுடன் நீ புறப்பட்டு வர நினைப்பாய், வராதே. உன் அகதி வழக்கு முடியாமல் நீ அந்த நாட்டை விட்டால் திரும்பிப் போகவிடமாட்டார்கள், இங்கே வந்தால் எண்பத்தொன்பதில் ஆமிக்காரர்கள் உன்னைப் பிடித்துக்கொண்டுபோன மாதிரி மறுபடி வரமாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும். அன்று நீ உயிரோடு வீட்டுக்கு வந்ததே எனக்குப் போதும். அம்மா சாகும்போது பக்கத்தில் இருக்கவில்லையே என்ற எண்ணத்தை நீ தூக்கிக்கொண்டு திரியக்கூடாது, அது என்ன பாரம் என்று எனக்குத் தெரியும். என்னிடம் மன்னிப்புக் கேட்க உனக்கு ஒன்றும் இல்லை, அப்படி ஏதாவது இருந்தாலும் அதை இந்தக் கடிதத்தோடு நான் விட்டுவிட்டேன், தெரியவில்லை என்று பிறகு சொல்லாதே. நாம் பார்ப்போம், அது நிச்சயம். அங்கே யாரும் விசா கேட்கமாட்டார்கள்.

அடக்கத்துக்குப் பாட வேண்டியவற்றைப் போதகர் ஐயாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அழுகைப் பாட்டு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போவதை விடாதே, தனியாக அறைக்குள் கிடக்காதே, நல்ல பிள்ளை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே, நான் இல்லையென்று ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டாம்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக, தூரத்தில் இருக்கிற என் பிள்ளையைத் தம் கிட்டவே வைத்திருப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. நத்தார் பண்டிகையன்று, ஆண்டவர் பிறந்த நாளில், அக்காவுக்குப் போன் எடு. என் முன்னால் அவள் அழுவதில்லை, தைரியமாக இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டே இருக்கிறாள். நீ பேசினால் அழுவாள். நீ ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவள் அழுது முடியும்வரை போனை வைக்காமல் இரு.

என்றும் உன்னை நினைத்து ஜெபிக்கும்
அம்மா
எஸ்தர் ஞானமணி